சேர்வர் எழுதும் நாட்குறிப்பை யார் வாசிப்பது?

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வேறொன்றைக் காட்டின. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். மூன்று வாரங்கள் கழித்து, ஜனவரி 24ஆம் திகதி காலையில், சுகிர்தராஜனும் இதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலை 3ஆம் திகதி விடுவித்தது. போதிய சாட்சியம் இல்லை என்பதே காரணம்.

அந்தப் படங்கள் அச்சில் ஏறியதால் நிலைத்தன. அச்சில் ஏறாத படங்களும் கடிதங்களும் ஒலிப்பதிவுகளும் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கின்றன? அந்த வருடத்தில் கேட்டிருந்தால், பொலித்தீன் பைக்குள் என்று பதில் வந்திருக்கும். சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிள்ளையின் படம் என்று எல்லாவற்றையும் ஒரு பைலுக்குள் வைத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் நடந்தன. முகாம் முகாமாக மாறியபோதும் அந்தப் பை தலைமாட்டில் இருந்தது. இன்று அதே ஆவணங்களை ஸ்கான் செய்து, ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசைக்குக் கீழே இருக்கும் சேர்வரில் போட்டிருக்கிறோம். பை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். வன்தட்டு பழுதாவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல நேரங்களில் அந்த இயந்திரம் தன் நோயைத் தானே எழுதி வைக்கிறது. திகதியோடும் நேரத்தோடும் எழுதி வைக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் கணினிப் பொறியியலாளர் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, பத்து வருடத்துக்கும் மேலாகச் செய்தி எழுதி வருபவள். உட்துறைமுக வீதிப் பக்கமாக உள்ள ஓர் அலுவலகத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடைய ஆவணங்களை ஒழுங்குபடுத்த உதவி வருகிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புரியும். அங்கே இருப்பது பாவித்த நிலையில் வாங்கிய ஒரு சேர்வர். அதன் நிகழ்வுப் பதிவை வாசிக்கப் பழகியபோது, இது நான் ஏற்கனவே செய்துவரும் வேலைதான் என்று தோன்றியது: யார் சொன்னது, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இதே ஆள் போன மாதமும் இதையே சொன்னாரா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். “பழுதானால் கடையில் கொடுத்து எடுக்கலாம்தானே” என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம், சில வேளைகளில். ஆனால் செத்துப்போன வன்தட்டிலிருந்து தரவை மீட்பது தூசியற்ற அறையும் உதிரிப்பாகங்களும் வேண்டிய வேலை. திருகோணமலையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் கொழும்புப் பயணம். செலவு ஒரு பக்கம். மறுபக்கம், வட்டு முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுக்கிறோம். அதற்குள் சாட்சியங்கள் இருக்கின்றன. பெயர்கள், ஊர்கள், யார் யாரைக் கூட்டிச் சென்றார்கள் என்று தாய்மார் நம்பிச் சொன்னவை இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து தொடரும் நாட்டில், அந்த ஒப்படைப்பு வெறும் தொழில்நுட்ப முடிவு அல்ல. சாகப்போகும் வட்டின் நிலைமை வேறு. அதிலுள்ளதை நாமே, நமது அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு வட்டுக்கு மாற்றிவிடலாம். நிகழ்வுப் பதிவை முன்கூட்டியே வாசிப்பதால் நமக்குக் கிடைப்பது இந்த இடைவெளிதான்: சில நாட்கள், சில வேளை சில வாரங்கள்.

மூன்று இடங்களில் எழுதப்படுவது

ஒரு சேர்வரில் நாட்குறிப்பு ஒன்றல்ல, குறைந்தது மூன்று இருக்கின்றன.

முதலாவது, இயக்க முறைமை எழுதுவது. விண்டோஸில் அதைக் காட்டும் மென்பொருளுக்கு ஈவென்ட் வியூவர் என்று பெயர். தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். உள்ளே விண்டோஸ் லொக்ஸ் என்ற பிரிவில் சிஸ்டம் என்பதைத் திறந்தால், ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். பயப்படத் தேவையில்லை. அதில் பெரும்பாலானவை அன்றாடச் சலசலப்பு. சிவப்புக் குறியைக் கண்டதும் பதறுகிறவர்கள் இரண்டு வாரத்தில் களைத்துப்போய் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிடுவார்கள். வன்பொருள் நலத்துக்குப் பார்க்க வேண்டிய எண்கள் கைவிரல்களில் அடங்கும்.

‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண் வந்தால், வட்டில் வாசிக்க முடியாத பகுதி ஒன்று அகப்பட்டிருக்கிறது. 52 வந்தால், தான் விரைவில் செயலிழக்கலாம் என்று வட்டே அறிவித்துவிட்டது. அன்றைய மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பிரதி எடுக்க வேண்டும். 11 என்பது வட்டுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் சுற்றுக்கும் இடையிலான கோளாறு. பல தடவை அது வயரில் இருக்கும். 129, வட்டு பதில் தராமல் நின்றதால் இணைப்பை மீள ஆரம்பிக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறது. ‘என்டிஎஃப்எஸ்’ என்ற மூலத்திலிருந்து 55 வந்தால், கோப்புகளின் அட்டவணையே குலையத் தொடங்கியிருக்கிறது.

இவற்றுள் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது 153ஐ. அது சிவப்பில் வராது. மஞ்சள் எச்சரிக்கையாக மட்டுமே வரும். வட்டை வாசிக்கவோ எழுதவோ அனுப்பிய கட்டளை முதல் தடவை நிறைவேறாமல் மறுபடி முயல வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். மறுமுயற்சி வென்றுவிடுவதால் பாவிப்பவருக்கு எதுவும் தெரியாது. படம் திறக்க இரண்டு விநாடி கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த 153, வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நாளுக்கு நான்கு என்றாகும்போது, வட்டோ வயரோ கைவிடப்போகிறது. தனியொரு வரியைவிட அந்த வரிகள் நெருங்கி வரும் வேகமே செய்தி.

வட்டு தவிர, ‘வீயா லொகர்’ என்ற மூலமும் உண்டு. செயலி, நினைவகம், உள்ளிணைப்புகள் ஆகியவற்றின் வன்பொருள் பிழைகளை அது எழுதும். அதில் 47 என்பது திருத்தப்பட்ட நினைவகப் பிழை. திருத்தப்பட்டுவிட்டதே என்று கடந்துபோகக் கூடாது. திரும்பத் திரும்ப வந்தால், அந்த நினைவகத் தகட்டைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து மாட்டிப்பார்க்க வேண்டும். அப்போதும் வந்தால் மாற்ற வேண்டும்.

இந்த முதலாவது நாட்குறிப்புக்கு ஒரு குறை இருக்கிறது. விண்டோஸ் சிஸ்டம் பதிவுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்டிருப்பது 20 எம்பி. நிரம்பினால் பழைய வரிகள் அழிந்து புதியவை எழுதப்படும். ஆறு மாதமாக மெல்ல வளரும் நோயைப் பார்க்க வேண்டும் என்றால், முதல் நாளே அந்த அளவைப் பல மடங்கு கூட்டிவிட வேண்டும். சில லினக்ஸ் அமைப்புகளில் இன்னும் மோசம்: பதிவு நினைவகத்தில் மட்டும் இருக்கும், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். அதை வட்டில் நிரந்தரமாக எழுதும்படி மாற்றாவிட்டால், இயந்திரம் விழுந்த இரவைப் பற்றி மறுநாள் கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது நாட்குறிப்பை எழுதுவது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய தனிக் கணினி. சேர்வர்களில் மட்டுமே இது இருக்கும். வீட்டுக் கணினிகளில் இல்லை. இன்டெல், டெல், எச்பி, என்ஈசி ஆகிய நிறுவனங்கள் 1998இல் இதற்கென ஐபிஎம்ஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. டெல் இயந்திரங்களில் இதை ஐடிராக் என்றும், எச்பியில் ஐஎல்ஓ என்றும் அழைப்பார்கள். சேர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருந்தால் இது விழித்திருக்கும். மின்விசிறியின் வேகம், உள்வெப்பம், மின்னழுத்தம், மின்வழங்கியின் நிலை, நினைவகப் பிழை ஆகியவற்றை அது தன் சொந்தக் குறிப்பில் எழுதும். விண்டோஸே எழும்பாத நிலையிலும் இதை வாசிக்கலாம். முன்பக்க விளக்கு செம்மஞ்சளாக மினுங்கினால், ஏன் என்பதற்குப் பெரும்பாலும் இங்கேதான் பதில் இருக்கும். அந்த விளக்கின் மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்த ஓர் அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். இரவில் கண்ணைக் குத்துகிறதாம்.

இந்தக் குறிப்பேடு மிகச் சிறியது. பல இயந்திரங்களில், நிரம்பியதும் புதிய நிகழ்வுகளை எழுதாமல் நிறுத்திவிடும். பாவித்த சேர்வர் வாங்கியவர்கள் முதலில் அதிலுள்ளதை வாசித்து, ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, பிறகு அழித்துவிட வேண்டும். அந்தப் பிரதி வாங்கிய இயந்திரத்தின் முற்பிறவிக் கதை. ஒரே நினைவக இடத்தில் திரும்பத் திரும்பப் பிழை பதிந்திருந்தால், விற்றவர் ஏன் விற்றார் என்பது விளங்கும். இன்னொன்று: இந்தச் சிறு கணினிக்கும் கடவுச்சொல் உண்டு. தொழிற்சாலையில் போட்ட சொல்லை உடனே மாற்றுங்கள். இதை ஒருபோதும் இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

மூன்றாவது நாட்குறிப்பு வட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருட்கள் அதை வாசித்துக் காட்டும். பட்டியல் நீளமாக இருக்கும். லட்சக்கணக்கான வட்டுகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் கவனிப்பது ஐந்து வரிகளை: 5, 187, 188, 197, 198. இவற்றில் 5 என்பது கெட்டுப்போனதால் கைவிட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது சந்தேகத்தில் வைத்திருக்கும் பகுதிகள். 198 என்பது வாசிக்கவே முடியாதவை. பூச்சியமாக இருக்க வேண்டிய இந்த எண்கள் பூச்சியத்தை விட்டு நகர்ந்த திகதியைக் குறித்து வையுங்கள். 199 உயர்ந்தால் மட்டும் வட்டைச் சந்தேகிக்காதீர்கள். அது பெரும்பாலும் வயரின் குற்றம்.

நேரம் யாருடைய நேரம்?

பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றால் நேரம் பொருந்த வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள சிறிய நாணய வடிவ பற்றரி செத்துவிட்டால், சேர்வர் தன்னை 1970இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், அல்லது தயாரிக்கப்பட்ட வருடத்துக்குத் திரும்பிப்போகும். சில நூறு ரூபாய்ப் பற்றரி. பல இயந்திரங்களில் ஐபிஎம்ஐ பதிவு உலகப் பொது நேரத்திலும் விண்டோஸ் பதிவு இலங்கை நேரத்திலும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஐந்தரை மணித்தியாலம். இதை அறியாமல், மாலை ஏழரைக்கு நின்ற மின்விசிறிக்கும் இரவு போன மின்சாரத்துக்கும் முடிச்சுப் போட்டுக் குழம்பியவர்கள் உண்டு.

ஐந்தரை என்றேன். அதுவும் எப்போதும் ஐந்தரையாக இருந்ததில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளியது: முதலில் ஆறரை, பிறகு ஆறு. 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. சோதனைச் சாவடியைக் கடக்கும்போது அரை மணித்தியாலம் பின்னால் போன காலம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே 2006 ஏப்ரலுக்கு முன் எடுத்த டிஜிட்டல் படத்தின் நேரத்தை இன்றைய கணினியில் பார்க்கும்போது, கமராவின் கடிகாரம் எந்தப் பக்கத்தின் நேரத்தில் இருந்தது என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். வன்பொருள் பற்றிய கட்டுரையில் இது பக்கக் கதை போலத் தெரியலாம். ஆவணத்தைக் காப்பவர்களுக்கு இரண்டும் ஒரே கேள்விதான்: இந்த வரி எழுதப்பட்டபோது மணி என்ன?

மின்சாரம், உப்பு, கச்சான்

எமது சேர்வரின் பதிவில் மிக அதிகமாக இருக்கும் எண்கள் 41, 6008 இரண்டும்தான். இரண்டும் முறையாக நிறுத்தப்படாமல் இயந்திரம் விழுந்ததைச் சொல்பவை. மறுபடி எழும்பிய பின்தான் அவை எழுதப்படும். 6008இன் உள்ளே பார்த்தால், விழுந்த நேரம் தனியாக இருக்கும். அந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாட்டின் வரலாறு போலவே இருந்தது. 2020 ஓகஸ்ட் 17, நாடு முழுவதும் இருள். 2021 டிசம்பர் 3, மறுபடியும். 2022 மார்ச் மாத முடிவில், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த காலத்தில், பக்கம் பக்கமாக. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல்: பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியதால் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்ன நாள். குரங்கின் பெயர் எமது பதிவில் இல்லை. 41 மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் எழுதிக்கொண்டிருந்த கோப்பைப் பாதியில் விடுகிறது. மின்சாரம் திரும்பும்போது வரும் அழுத்த ஏற்றம் மின்வழங்கியைத் தேய்க்கிறது. யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அதற்குள் இருப்பது ஈய அமில பற்றரி. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. 25 பாகையில் நான்கு வருடம் உழைக்கும் பற்றரி, குளிரூட்டி இல்லாத எமது அறைகளில் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. மின்வெட்டு நேரமும் 41 எழுதிய நேரமும் ஒன்றாகவே இருந்தால், உங்கள் யூபிஎஸ் மேசைக்கு அழகுக்காக இருக்கிறது. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வயரால் சேர்வருடன் இணைத்து, பற்றரி தாழும்போது தானாக முறைப்படி நிறுத்தும்படி அமைத்தால், 41 எழுதப்படவே தேவையில்லை. பல அலுவலகங்களில் அந்த வயர் பெட்டியிலேயே, பிரிக்காத பையோடு கிடக்கிறது.

அடுத்தது கடல். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் டச்சுக் குடா. நகரின் நடுவில் எங்கே இருந்தாலும் உப்புக் காற்றுக்குத் தப்ப முடியாது. யன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்பு, நினைவகத் தகட்டின் தொடுமுனையையும் வட்டு வயரின் முனையையும் மெல்ல அரிக்கும். பதிவில் அது 11, 199, திருத்தப்பட்ட நினைவகப் பிழை என்று வெவ்வேறு முகங்களில் வரும். வாடைக் காலத்தில், ஈரப்பதன் கூடும்போது இவை பெருகினால், வட்டை மாற்றுவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் மின்விசிறிதான் முதலில் முறைப்பாடு செய்யும். தூசியும் உப்பும் சேர்ந்து சிறகில் படிந்து, வேகம் எல்லைக்குக் கீழே போனது என்று ஐபிஎம்ஐ பதிவில் வரி விழும்.

வெப்பத்தைப் பற்றி நான் எதிர்பாராத ஒன்றை வாசித்தேன். கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பநிலைக்கும் வட்டுச் சாவுக்கும் நினைத்த அளவு தொடர்பு கிடைக்கவில்லை. மிக உயர்ந்த வெப்பத்திலும் வயதான வட்டுகளிலும்தான் தெளிவாகத் தெரிந்தது. விசிறி வாங்கி வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று இருக்க முடியாது என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

மௌனம் நலம் அல்ல

அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. வட்டின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை அகப்பட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அந்த வட்டு செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாத வட்டைவிட 39 மடங்கு அதிகம். பதிவை வாசிக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. மற்ற எண் மனதைக் கலக்குவது: செத்த வட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன.

பாதிக்கு மேல் சொல்லாமல் போகின்றன என்றால் வாசித்து என்ன பயன் என்று கேட்கலாம். சொல்லிவிட்டுப் போகிற மீதியைக் காப்பாற்றலாம் என்பதுதான் பதில். சொல்லாமல் போகிறவற்றுக்கு மாற்று, பிரதி மட்டுமே. ஒன்று இங்கே, இன்னொன்று வேறொரு வட்டில், மூன்றாவது வேறொரு ஊரில். துறைமுக நகரில் சுனாமியைக் கண்டவர்களுக்கு ‘வேறொரு ஊர்’ ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டு வட்டுகள் ஒரே தரவைச் சுமக்கும் ரெய்ட் அமைப்பு இருக்கிறது, அதனால் பிரதி வேண்டாம் என்று நம்புபவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. ஒன்று செத்தாலும் சேர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். கோப்புகள் திறக்கும். எவருக்கும் ஒன்றும் தெரியாது. பதிவில் ஒரு வரி விழும். சில இயந்திரங்கள் கீச்சிடும். யாரோ சத்தத்தை நிறுத்துவார்கள். பெரும்பாலும் இரண்டு வட்டுகளும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அறையில் ஒரே மின்வெட்டுகளைத் தாங்கியவை. முதலாவது போன வழியில் இரண்டாவது போக நீண்ட காலம் எடுக்காது.

வீட்டுக் கணினியை சேர்வராகப் பாவிப்பவர்கள் இன்னொரு மௌனத்தை அறிய வேண்டும். நினைவகப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி சாதாரணக் கணினிகளின் நினைவகத்தில் கிடையாது. அங்கே நினைவகப் பிழை எழுதப்படாதது, பிழை நேராததால் அல்ல. பார்க்க ஆள் இல்லாததால். 2009இல் வெளியான இன்னொரு கூகுள் ஆய்வில், வருடத்துக்கு நினைவகத் தகடுகளில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஒரு தடவையேனும் பிழை காட்டின.

எச்சரிக்கை எழுதப்பட்டும் யாரும் பொறுப்பேற்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம். 2023 ஓகஸ்டில் அரசின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இல்லை. அது வன்பொருள் பழுது அல்ல, தாக்குதல். ஆனால் அங்கே பாவித்தது 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலில் முடியும் என்பது வெகுகாலத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஓர் அரசு தன் கடிதங்களை இழந்தால் அமைச்சுக்குச் சங்கடம். ஒரு தாய் 2009இல் கொடுத்த கடிதத்தின் ஒரே பிரதியை ஒரு சிறு அலுவலகம் இழந்தால், காணாமல் போனோர் அலுவலகத்துக்கோ வேறொரு விசாரணைக்கோ அவர் மறுபடியும் வெறுங்கையோடு போக வேண்டும்.

மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி

எமது அலுவலகத்தில் செய்வது எளிமையானது. சேர்வரின் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் பத்து நிமிடம் அமர்ந்து எழுதுகிறார்: திகதி, ஒவ்வொரு வட்டின் 5, 197, 198, 199, வெப்பநிலை, அந்த வாரம் வந்த 7, 11, 129, 153 ஆகியவற்றின் எண்ணிக்கை, 41 வந்த நேரங்கள், முன்விளக்கின் நிறம். வட்டின் தொடர் இலக்கம் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் நல்ல வட்டைக் கழற்றிவிட்டு நோயாளியை உள்ளே விடாமல் இருக்க அது உதவும். ஈவென்ட் வியூவரில் 7, 52, 153 போன்ற எண்கள் வந்த உடனே ஒரு நிரலை இயக்கும்படி கட்டளையை இணைத்து வைக்கவும் முடியும். அந்த நிரல் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பலாம். அதையும் செய்திருக்கிறோம். ஆனாலும் கொப்பியை விடவில்லை. சேர்வர் செத்தால் அதற்குள் இருக்கும் பதிவும் அதோடு போகும். கொப்பி மேசையில் இருக்கும்.

எச்சரிக்கை வந்த நாளில் செய்யக் கூடாதவைதான் அதிகம். நிறுத்தி நிறுத்தித் தொடக்காதீர்கள். வட்டுத் திருத்தும் மென்பொருளை முதலில் ஓட்டாதீர்கள்; அது நலிந்த வட்டில் எழுதத் தொடங்கும், இருப்பதையும் குலைக்கும். முதலில் ஈடுசெய்ய முடியாத கோப்புகளை எடுங்கள்: ஒலிப்பதிவுகள், மூலப்படங்கள், கையெழுத்துக் கடிதங்களின் ஸ்கான்கள். மறுபடி இணையத்தில் இறக்கக்கூடிய அறிக்கைகளை விட்டுவிடுங்கள். பிறகு முழு வட்டையும் பிரதி செய்ய டிடிரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் இருக்கிறது. அது வாசிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் முயலும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உதவி கேட்டு யாருக்காவது பதிவை அனுப்புவதாக இருந்தால், முழுப் பதிவையும் அனுப்ப வேண்டாம். அதில் கணினியின் பெயரும் பாவனையாளர் விபரங்களும் இருக்கும். தேவையான வரிகளை மட்டும் அனுப்புங்கள். உத்தரவாதத்தில் புது வட்டுத் தருபவர்கள் பழையதைக் கேட்பார்கள். சாட்சியங்கள் இருந்த வட்டைக் கொடுக்காமல், புதிய வட்டைக் காசு கொடுத்து வாங்குவதே என் கருத்து. தொடக்கத்திலேயே குறியாக்கம் செய்திருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அந்தத் திறவுச்சொல் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

திட்ட நிதி முடிந்து ஆட்கள் மாறும்போதுதான் எங்கள் அலுவலகங்களில் பெரும்பாலான இழப்புகள் நடக்கின்றன. கணினிக்குப் பொறுப்பாக இருந்த தம்பி கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுவார். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும், எழுதிக்கொண்டிருக்கும். ஐடிராக் கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. ஆகவே கொப்பியை ஒப்படைக்கும் நாளில், கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் இரண்டு பேரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தையும் கொப்பியில் வாங்குங்கள். புதிதாக வருபவரை அன்றே பக்கத்தில் இருத்தி, அந்த வாரத்து எண்களை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.